வீட்டு வாசலிலிருந்து மெட்ரோ வாசல்வரை: பெங்களூரில் வாடகைக்கு வீடு பார்ப்பவர் தெருவைச் சோதித்துப் பார்க்கும் முறை

பெங்களூரின் கிழக்குப் பக்கத்தில் நான் முதன்முதலாக வாடகைக்கு எடுத்த வீட்டின் பால்கனியில் நின்றால் மெட்ரோ ரயில் போவது தெரியும். வீட்டுத் தரகர் எங்களை நேராக அந்தப் பால்கனிக்குத்தான் அழைத்துப் போனார். ரயில் ஒன்று கடந்து போகும்வரை காத்திருந்துவிட்டு, "பாருங்க சார், கூப்பிடு தூரம்தான், வாக்கபிள்" என்றார். கைப்பேசி வரைபடமும் 450 மீட்டர் என்றே காட்டியது. அட்வான்ஸ் கொடுத்துக் குடிவந்த மறுநாள் காலையில்தான், எங்கள் தெருவின் கோடியில் ஒரு பெரிய அடுக்ககத்தின் காம்பவுண்டுச் சுவர் குறுக்கே நிற்பதையும், அதைச் சுற்றிக்கொண்டு மெயின் ரோட்டுக்குப் போய் நிலையத்தை அடைய 1.3 கிலோமீட்டர் நடக்க வேண்டும் என்பதையும் அறிந்துகொண்டேன். மூன்று மாதத்தில் ஸ்கூட்டர் வாங்கினேன். அதன் பிறகு நான் மெட்ரோவில் ஏறுவதே குறைந்துபோயிற்று.

ரயில் எவ்வளவு வேகமாக ஓடினாலும், ஒருவர் நாள்தோறும் அதில் போவாரா மாட்டாரா என்பதைப் பெரும்பாலும் முடிவுசெய்வது அவருடைய வீட்டு வாசலுக்கும் நிலையத்தின் வாசலுக்கும் இடையிலுள்ள தெருக்களின் அமைப்புதான். பையப்பனஹள்ளிக்கும் எம்.ஜி. ரோடுக்கும் இடையே 2011 அக்டோபர் 20 அன்று ஓடத் தொடங்கிய நம்ம மெட்ரோ, 2023இல் ஒயிட்ஃபீல்டை எட்டியது. 2025 ஆகஸ்டில் மஞ்சள் வழித்தடம் ஆர்.வி. ரோடிலிருந்து பொம்மசந்திரா வரை திறக்கப்பட்டது. நிலையங்களைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் எல்லைக்குள் இணைப்புப் பேருந்து, நடைபாதை, சைக்கிள் பாதை ஆகியவற்றுக்கு மாநில அரசுகள் வழிசெய்ய வேண்டும் என்று மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு மெட்ரோ ரயில் கொள்கை சொல்கிறது. கொள்கை அப்படியிருக்க, நாம் குடிபோக நினைக்கும் தெரு எப்படியிருக்கிறது என்பதை நாமே போய்த்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அதன்பின் இரண்டு வீடு மாறியும், ஊரிலிருந்து வேலைக்கு வரும் உறவினர்களுக்கு வீடு பார்த்துக் கொடுத்தும் நான் பழகிக்கொண்ட முறையை இங்கே எழுதுகிறேன். ஒரு வீட்டுக்கு ஒரு காலையும் ஓர் இரவும் ஒதுக்கினால் போதும்.

முதலில் வரைபடம்

வாடகை விளம்பரங்களில் காணும் தூரம் பெரும்பாலும் நேர்கோட்டுத் தூரம்தான். ஆகவே கைப்பேசி வரைபடத்தில் இரண்டு அளவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று, வீட்டிலிருந்து நிலையத்துக்கு நேர்கோட்டில் அளப்பது; மற்றொன்று, நடந்து போவதற்கு அந்த வரைபடம் காட்டும் வழியின் நீளம். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கிடைக்கும் எண்ணை நான் சுற்றுக் கணக்கு என்று சொல்வது வழக்கம். தெருக்கள் கட்டம் கட்டமாக ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டும் பகுதியில் இந்த எண் ஏறத்தாழ 1.4ஐத் தாண்டாது, ஏனென்றால் அங்கே நேரக்கூடிய மிகப் பெரிய சுற்று, ஒரு சதுரத்தின் மூலைவிட்டத்தில் போவதற்குப் பதிலாக அதன் இரு பக்கங்களில் நடந்து போவதுதான். எண் 1.6க்கு மேல் போனால் நடுவில் ஏதோ மறிக்கிறது என்று பொருள். என் பழைய வீட்டின் எண் 2.9.

கட்டத் தெருக்களிலும் இழப்பு இல்லாமல் இல்லை. நிலையத்தை நடுவில் வைத்து 500 மீட்டர் ஆரமுள்ள ஒரு வட்டம் போட்டுவிட்டு, அதற்குள் இருக்கும் வீடெல்லாம் மெட்ரோ வீடு என்று வீட்டு விற்பனைக்காரர்கள் சொல்வார்கள். ஆனால் சீரான கட்டத் தெருக்களில் 500 மீட்டர் நடந்து எட்டக்கூடிய பரப்பு அந்த வட்டத்தில் ஏறத்தாழ 64 விழுக்காடுதான், முட்டுச்சந்துகள் மிகுந்த பகுதியில் அது இன்னும் சுருங்கிவிடும். நடுத்தர வயதுள்ள ஒருவர் நிமிடத்துக்கு 80 மீட்டர் நடப்பார் என்று வைத்துக்கொண்டால் பத்து நிமிடத்தில் 800 மீட்டர் போகலாம். வயதானவர்களுக்கும் கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கும் 60 மீட்டர் என்று கணக்கிடுவது நியாயம். வரைபடம் காட்டும் நிமிடக் கணக்கில் சிக்னலில் நிற்பதும் நிலையத்தின் படியேறுவதும் பாதுகாப்புச் சோதனை வரிசையும் சேர்வதில்லை. தெருவிலிருந்து நடைமேடை வரைக்கும் நான் எப்போதும் ஐந்து நிமிடம் தனியாகக் கூட்டிக்கொள்கிறேன்.

வரைபடத்தில் நிலையத்தைக் காட்டும் குறி கட்டடத்தின் நடுவில் விழுந்திருக்கும். ஆறு பெட்டிகள் நிற்கும் நடைமேடை ஏறத்தாழ 130 மீட்டர் நீளம் உள்ளது. நுழைவாயில் அதன் எந்தக் கோடியில் இருக்கிறது, சாலையின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து உங்கள் நடை கூடும் அல்லது குறையும். அதோடு, வரைபடம் சில சமயம் தனியார் வளாகத்துக்குள் புகுந்து வெளியேறும் வழியைக்கூடத் தெருவென்று காட்டிவிடும். எனவே அது காட்டும் வழியில் தெருப்பெயர் இல்லாத துண்டு எங்காவது வந்தால் அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு நேரில் போகும்போது முதலில் அதைப் பாருங்கள்.

அடுத்து, நடுவில் மறிப்பவை எவை என்று தேட வேண்டும். பெங்களூரில் அவை பெரும்பாலும் நான்கைந்து வகைக்குள் அடங்கும்: ஏரி, ராணுவ நிலம், ரயில் பாதை, ராஜகால்வாய் என்னும் பெரிய மழைநீர்க் கால்வாய், பெரிய வளாகங்களின் சுவர். நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் அல்சூரையே எடுத்துக்கொள்ளலாம். ஏரியும் அதை ஒட்டிய மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் நிலமும் அங்கே பெரும் பரப்பை அடைத்துக்கொண்டிருப்பதால், ஏரிக்கு வடக்கே குடியிருப்பவருக்கு ஹலசூரு (அல்சூரின் கன்னடப் பெயர்) மெட்ரோ நிலையம் வரைபடத்தில் அருகில் தெரிந்தாலும் கால் வழியில் வெகுதூரம். ஏரியையும் ராணுவ நிலத்தையும் யாரும் நகர்த்தப் போவதில்லை, நகர்த்தவும் வேண்டாம். ஆனால் வாடகை பேசும்போது அவற்றைச் சுற்றி நடக்கும் தூரத்தையும் மனத்தில் வைத்துக்கொண்டு பேசலாம். ஸ்ரீராமபுரம், ஓக்கலிபுரம் பக்கத்தில் இதே வேலையை ரயில் பாதை செய்கிறது; அங்கே எந்தச் சுரங்கப்பாதை எந்தத் தெருவில் திறக்கிறது என்று தெரியாமல் வீட்டை முடிவு செய்யக் கூடாது. ராஜகால்வாய் இருக்கும் இடங்களில் பாலம் எங்கே என்று பாருங்கள். 30 அடி அகலமுள்ள ஒரு கால்வாய்க்காக ஒரு கிலோமீட்டர் சுற்றும் ஆட்கள் இந்த ஊரில் ஏராளம்.

பேட்டை, லேஅவுட், சுவருக்குள் ஒரு ஊர்

ஒரு பகுதி எந்தக் காலத்தில், யாரால், எப்படி வகுக்கப்பட்டது என்று தெரிந்தால் அங்கே நடை எப்படியிருக்கும் என்பதைப் பாதியளவு ஊகித்துவிடலாம். அல்சூரின் பஜார் தெருக்களைப் போன்ற பழைய பேட்டைகளில் சந்துகள் குறுகலாக இருக்கும், நடைபாதை என்று ஒன்று பெரும்பாலும் இருக்காது. இருந்தும் அங்கே நடப்பது எளிது. ஒரு சந்து அடைபட்டால் அடுத்த சந்து இருபதடியில் இருக்கும். வண்டிகளும் வேகம் எடுக்க முடியாமல் மனிதரோடு மனிதராக ஊர்ந்துதான் போகும். நடைபாதை இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் வைத்துத் தெருவுக்கு மதிப்பெண் போடுபவர்களோடு நான் உடன்படுவதில்லை. உடைந்த நடைபாதையும் சீறிப்பாயும் வண்டிகளுமாக இருக்கும் 80 அடிச் சாலையைவிட, நடைபாதையே இல்லாத 15 அடிச் சந்து எனக்கு மேல்.

மல்லேஸ்வரம், ஜெயநகர், ராஜாஜிநகர் போன்றவை திட்டமிட்டு வகுத்த பகுதிகள். 1949இல் தொடங்கி, அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜியின் பெயரைத் தாங்கிய ராஜாஜிநகரிலும் சரி, 1948இல் அடிக்கல் நாட்டப்பட்ட ஜெயநகரிலும் சரி, மெயின் என்று பெயர் வைத்த தெருக்கள் ஒரு திசையிலும் கிராஸ் என்று பெயர் வைத்தவை அதற்குக் குறுக்காகவும் ஓடுகின்றன. இந்தப் பகுதிகளில் முகவரியே வரைபடம்: நிலையம் 8ஆவது கிராஸில் இருந்து உங்கள் வீடு 14ஆவது கிராஸில் இருந்தால் ஆறு கிராஸ் கடக்க வேண்டும் என்று உட்கார்ந்த இடத்திலேயே சொல்லிவிடலாம். ஆனால் ஒவ்வொரு பிளாக்கிலும் ஸ்டேஜிலும் எண்கள் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும் என்பதை மறந்துவிட்டால் ஏமாந்துபோவீர்கள்; வேறு பிளாக்கின் 8ஆவது கிராஸில் நான் ஒருமுறை அரை மணி நேரம் நின்றிருக்கிறேன். மல்லேஸ்வரத்தில் வீடுகளின் பின்புறம் ஓடும் கன்சர்வன்சி சந்துகள் நல்ல குறுக்குவழிகள். அக்காலத்தில் துப்புரவுப் பணிக்காக விட்ட அந்தச் சந்துகளில் வண்டித் தொல்லை இல்லை, நிழலும் உண்டு. இருட்டிய பின் தனியாகப் போகிறவர் மட்டும் அங்கே விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

மிகவும் கவனிக்க வேண்டியவை ஊரின் ஓரங்களில் இருக்கும் பகுதிகள். விவசாய நிலத்தை ஆளுக்கொரு துண்டாக வாங்கித் தனித்தனியே மனை போட்ட ரெவின்யூ லேஅவுட்டுகளில், ஒரு நிலக்காரர் போட்ட தெரு பக்கத்து நிலக்காரரின் வேலியில் போய் முட்டி நின்றுவிடும். அதனால் ஒவ்வொரு லேஅவுட்டுக்கும் மெயின் ரோட்டோடு மட்டும்தான் தொடர்பு இருக்கும். பக்கத்து லேஅவுட்டுக்குப் போகக்கூட மெயின் ரோட்டுக்கு வந்துதான் திரும்ப வேண்டும். அவற்றுக்கு நடுவே பத்துப் பதினைந்து ஏக்கரில் அடுக்கக வளாகம் ஒன்று எழுந்து, ஒரே ஒரு கேட்டையும் மெயின் ரோட்டில் வைத்துக்கொண்டால், அந்த வட்டாரத்தின் நடை அத்தனையும் முடங்கிப்போகிறது. ஒயிட்ஃபீல்டு நோக்கிப் போகும் ஊதா வழித்தடத்தின் இருமருங்கிலும் இதைக் காணலாம். வளாகத்துக்குள் குடியிருப்பவரும் தப்புவதில்லை: தம் அடுக்ககத்தின் லிஃப்டிலிருந்து கேட்டுக்கு வரவே ஐந்து நிமிடம் நடக்க வேண்டிய பெரிய வளாகங்கள் உண்டு. ஆகவே அங்கே வீடு பார்த்தால், எத்தனையாவது டவர், கேட்டிலிருந்து எவ்வளவு தூரம், பின்கேட் இருக்கிறதா, இருந்தால் எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள் என்று காவலாளியிடமே கேளுங்கள். தரகருக்கு அது தெரிந்திருக்காது.

காலையில் ஒரு முறை, இரவில் ஒரு முறை

வரைபடத்தில் தேறிய வீட்டை நேரில் நடந்து சோதிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பகலில் நடந்து பார்ப்பதால் பயனில்லை. வேலைநாளில் காலை எட்டரை மணிக்கு வீட்டிலிருந்து நிலையத்துக்கும், இரவு ஒன்பதரை மணிக்கு நிலையத்திலிருந்து வீட்டுக்கும் நடந்து பாருங்கள். அலுவலகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அலுவலகத்துக்குப் போடும் செருப்பையோ ஷூவையோ போட்டுக்கொண்டு, கைப்பேசியில் நேரத்தை ஓடவிட்டு நடக்க வேண்டும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் அழைத்துப் போவது நல்லது. நமக்குப் பழகிப்போய்க் கண்ணில் படாமல் போகும் குறைகள் அவர்களுடைய காலில் படும்.

என் சித்தி திருப்பத்தூரிலிருந்து வந்து எங்களோடு சில மாதம் இருந்தார்; வயது அறுபத்து மூன்று, முழங்கால் வலி உண்டு. மூன்றாவது வீடு தேடியபோது, பார்த்த வீடுகளில் ஒன்றிலிருந்து அவரோடு நிலையம்வரை நடந்தேன். தூரம் 700 மீட்டர்தான். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கார் ஏறுவதற்கான சரிவுக்காக நடைபாதையை வெட்டியிருந்தார்கள். ஆகவே நடைபாதையிலேயே நடக்க நினைத்தால் வீட்டுக்கு வீடு இறங்கி ஏற வேண்டும். சித்தி விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். இருபத்து மூன்றாவது முறை இறங்கியதும் நின்று, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, "ஏன்டா, ஏறி எறங்கியே ஸ்டேஷன் வந்துடும்போல இருக்கே, அங்க வேற படி இருக்கா?" என்றார். இருந்தது, லிஃப்ட் எதிர்ப்பக்கத்து வாசலில்தான் இருந்தது. மீதித் தூரத்தை அவர் தார்ச்சாலையின் ஓரமாகவே நடந்தார். நடைபாதை போட்டிருந்தும் மக்கள் சாலையில் இறங்கி நடப்பதேன் என்று கேட்பவர்களுக்கு அந்த 23 என்ற எண் போதுமான பதில் என்று நினைக்கிறேன்.

பாதசாரிகளுக்கான வசதிகள் குறித்து, சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் என்ற அமைப்பு 2012இல் வெளியிட்ட நெறிமுறைப்படி, குடியிருப்புப் பகுதியில்கூட நடைபாதையில் தடையின்றி நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலமும் தலைக்குமேல் 2.2 மீட்டர் உயரமும் இருக்க வேண்டும். விளிம்புக்கல்லின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. இதைச் சோதிக்க அளவு நாடா வேண்டியதில்லை. இரண்டு பேர் தோள் இடிக்காமல் எதிரெதிரே கடந்து போக முடிந்தால் அகலம் ஏறத்தாழச் சரி. விளிம்புக்கல் உங்கள் கணுக்காலுக்கு மேல் வந்தால் அது அதிகம். மின் நிறுவனமான பெஸ்காமின் டிரான்ஸ்ஃபார்மர், தொங்கும் கேபிள், கட்டுமான மணல், நடைபாதைமேல் ஏற்றி நிறுத்திய இருசக்கர வண்டி ஆகியவற்றால் எத்தனை இடங்களில் நீங்கள் சாலையில் இறங்க வேண்டியிருந்தது என்பதை மட்டும் எண்ணிக்கொள்ளுங்கள். பெங்களூரில் நடைபாதை என்பது பல இடங்களில் மழைநீர்ச் சாக்கடையை மூடிய கற்பலகைதான். கால் வைத்ததும் ஆடும் பலகையையும், இரண்டு பலகைக்கு நடுவே கால் போகும் அளவு இடைவெளியையும் பகலிலேயே குறித்துக்கொள்ள வேண்டும். மழைக்காலத்தில் அதே இடத்தில் முழங்கால் அளவுத் தண்ணீர் நின்றால் பலகை இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாது. பக்கத்துப் பெட்டிக்கடைக்காரரிடம் ஒரு டீயோ வாழைப்பழமோ வாங்கிக்கொண்டு, மழை பெய்தால் இங்கே தண்ணீர் நிற்குமா என்று கேட்டால் உண்மை வந்துவிடும்.

இரவு நடையில் பார்க்க வேண்டியவை வேறு. தெருவிளக்கு எரிகிறதா என்பதோடு, தெருவைப் பார்த்துத் திறந்திருக்கும் கடையும் சன்னலும் எத்தனை என்றும் பாருங்கள். இருபுறமும் எட்டடிச் சுவர் மட்டுமே ஓடும் 300 மீட்டர்த் தெருவில் விளக்கு பளிச்சென்று எரிந்தாலும் தனியாக நடப்பவருக்குத் துணையில்லை. மங்கலான விளக்கில் ஓர் இஸ்திரி வண்டியும் ஒரு மருந்துக்கடையும் ஒரு பூக்காரம்மாவும் இருக்கும் தெருவில் அச்சமில்லை. என் தங்கைக்கு வீடு பார்த்தபோது, இந்த ஒரே காரணத்துக்காக 200 மீட்டர் அதிகமான வழியையே அவள் தேர்ந்தெடுத்தாள். நாய்கள் எங்கே கூட்டமாகப் படுக்கின்றன என்பதும் இரவில்தான் தெரியும்.

சாலையைக் கடப்பது

சுற்றுக் கணக்கும் நடைபாதையும் சரியாக இருந்து, கடைசி முப்பது மீட்டரில் மொத்தமும் கெட்டுப்போகும் இடங்கள் உண்டு. மெட்ரோவின் உயர்தூண்கள் பெரும்பாலும் அகன்ற சாலைகளின் நடுவில் நிற்கின்றன. சாலையும் அதே காரணத்தால் வேகச் சாலையாகவே இருக்கும். சில்க் போர்டிலிருந்து பொம்மசந்திரா வரையுள்ள ஓசூர் ரோட்டில் இதன் முழு உருவத்தைப் பார்க்கலாம்: நடுச்சாலை, தடுப்பு, சர்வீஸ் ரோடு, மறுபடியும் தடுப்பு, போதாததற்கு எலக்ட்ரானிக் சிட்டி வரை மேலே ஒரு விரைவுச் சாலை. ஓசூரிலிருந்து வரும் பேருந்து சாலையின் ஒரு பக்கத்தில் இறக்கிவிடும். மாலையில் திரும்பும்போது எதிர்ப்பக்கத்தில் நிற்க வேண்டும். இரண்டில் ஒரு வேளையாவது இந்தச் சாலையைக் கடந்தே ஆக வேண்டும்.

இங்கே பலருக்குத் தெரியாத வசதி ஒன்றைச் சொல்கிறேன். உயரத்தில் அமைந்த நிலையங்களில் பெரும்பாலானவற்றுக்குச் சாலையின் இரு பக்கங்களிலும் நுழைவாயில் இருக்கிறது. டிக்கெட் கதவுகளுக்கு வெளியே உள்ள தளத்தின் வழியாக ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கிவிடலாம், கட்டணம் இல்லை. ஆகவே உங்கள் வீட்டுப் பக்கத்தில் நுழைவாயில் உண்டா, அதில் நகரும் படிக்கட்டு மேலே ஏற மட்டுமா இறங்கவும் உண்டா, லிஃப்ட் எந்தப் பக்கம் என்பதைப் பார்த்துவிட்டால் சாலையைக் கடக்கும் கவலை பாதி தீர்ந்துவிடும். நுழைவாயில் எதிர்ப்பக்கத்தில் மட்டும் இருந்தால், அருகிலுள்ள சிக்னலில் பாதசாரிக்குப் பச்சை விளக்கு எத்தனை நொடி எரிகிறது என்று மூன்று முறை எண்ணிப் பாருங்கள். பெரியவர்களுக்கு நொடிக்கு ஒரு மீட்டர் என்று கணக்கு வைத்துக்கொண்டால், 20 மீட்டர் அகலச் சாலைக்கு 15 நொடி போதாது.

அலுவலக முனையை மறக்காதீர்கள்

வீடு பார்ப்பவர்கள் எல்லோரும் வீட்டு முனையை மட்டுமே சோதிக்கிறார்கள். எனக்கென்னவோ இறங்கும் முனைதான் இரண்டில் முக்கியமானதாகப் படுகிறது. வீட்டு முனையில் சைக்கிளோ ஸ்கூட்டரோ வைத்துக்கொள்ளலாம். கொண்டுவிட ஆள் இருக்கலாம். ரயிலைவிட்டு இறங்கிய இடத்தில் நமக்கென்று எந்த வண்டியும் இல்லை, இரண்டு கால்கள்தான் இருக்கின்றன. வீட்டிலிருந்து நிலையத்துக்கு ஒன்றரைக் கிலோமீட்டரும் நிலையத்திலிருந்து அலுவலகத்துக்கு 300 மீட்டரும் இருக்கும் வழியை, முறையே 300 மீட்டரும் ஒன்றரைக் கிலோமீட்டரும் உள்ள வழியைவிட நான் விரும்புவேன். அலுவலகம் ரெசிடென்சி ரோடு, செயின்ட் மார்க்ஸ் ரோடு பக்கம் இருந்தால் பேறுபெற்றவர் நீங்கள். டெண்டர்ஷூர் திட்டத்தில் குழாய்களையும் கேபிள்களையும் நடைபாதைக்கடியில் ஒழுங்காகப் புதைத்து, அகலமாகவும் சமமாகவும் நடைபாதை போட்ட சாலைகள் அவை. எலக்ட்ரானிக் சிட்டியிலோ ஒயிட்ஃபீல்டிலோ வேலை என்றால், நிலையத்தின் பெயரில் உங்கள் வட்டாரத்தின் பெயர் இருக்கிறதே என்று நம்பிவிடாமல், உங்கள் வளாகத்தில் ஊழியர் நடந்து நுழைய எந்த கேட்டில் அனுமதிக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். கார்களுக்கு மூன்று கேட்டும் நடப்பவருக்கு ஒன்றும் வைத்திருக்கும் வளாகங்கள் இருக்கின்றன. அந்த ஒன்று பெரும்பாலும் நிலையத்துக்கு எதிர்த்திசையில் அமைந்து தொலைக்கும்.

நடக்க முடியாத தூரம் என்றால்

ஒன்றேகால் கிலோமீட்டருக்கு மேல் போனால் நான் நடையை நம்புவதில்லை; முதல் மாதம் நடப்போம், ஜூன் மாத மழையில் நின்றுபோகும். நகரப் பேருந்துக் கழகமான பி.எம்.டி.சி.யின் இணைப்புப் பேருந்துகள் எம்.எஃப். என்ற எழுத்துகளோடு எண் தாங்கி ஓடுகின்றன. எத்தனை பேருந்து என்று இணையத்தில் பார்ப்பதைவிட, காலை எட்டு மணிக்கு நிறுத்தத்தில் அரை மணி நேரம் நின்று எத்தனை வந்தன என்று எண்ணுவது மேல். சக்தி திட்டத்தின்கீழ் 2023 ஜூன் 11 முதல் பெண்களுக்கு அரசின் சாதாரணப் பேருந்துகளில் கட்டணம் இல்லை. ஆனால் கர்நாடக முகவரியுள்ள அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். தமிழ்நாட்டு முகவரியோடு ஆதார் வைத்திருப்பவர் வாடகை ஒப்பந்தம் கைக்கு வந்ததும் முகவரியை மாற்றிக்கொண்டால் மாதாமாதம் ஒரு தொகை மிஞ்சும். இணைப்புப் பேருந்துக்காக நிற்கும் நேரமும் ரயிலுக்காக நிற்கும் நேரமும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கூடும் என்பதையும் கவனியுங்கள். மஞ்சள் வழித்தடம் தொடக்கத்தில் மூன்றே ரயில்களோடு 25 நிமிடத்துக்கு ஒன்றாக ஓடியபோது, பேருந்து இரண்டு நிமிடம் தாமதித்ததால் அரை மணி நேரம் இழந்தவர்கள் பலர்.

ஆட்டோவைக் கணக்கில் கொண்டால் வாடகையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2025 ஆகஸ்டிலிருந்து முதல் இரண்டு கிலோமீட்டருக்கு மீட்டர் கட்டணம் 36 ரூபாய். போக வர ஒரு நாளைக்கு 72, மாதம் 24 வேலைநாள் என்றால் 1,728 ரூபாய். இரவு 10 மணிக்குமேல் ஒன்றரை மடங்கு என்பதால் தாமதமாகத் திரும்புகிறவருக்கு அதுவே 2,160 ஆகிவிடும். செயலியில் கூப்பிட்டால் இதைவிடக் கூடத்தான் கேட்பார்கள். அவ்வளவு சிறிய தூரத்துக்கு வரவே மாட்டேன் என்பவர்களும் உண்டு. நிலையத்துக்கு ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வீட்டின் வாடகை, பக்கத்திலிருக்கும் வீட்டைவிட 2,000 ரூபாய்க்குமேல் குறைவாக இல்லாவிட்டால் தள்ளிப் போவதில் லாபமில்லை. ஸ்கூட்டரில் போய் நிறுத்திவிட்டு ஏறலாம் என்று நினைப்பவர், எல்லா நிலையங்களிலும் வண்டி நிறுத்த இடம் கிடையாது என்பதை நினைவில் வைக்க வேண்டும். இருக்கும் இடத்திலும் ஒன்பது மணிக்குமேல் இடம் கிடைக்கிறதா என்பதைப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். ஸ்கூட்டரைக் கிளப்பிய பிறகு, நேரே அலுவலகத்துக்கே போய்விட்டால் என்ன என்று மனம் கேட்கத் தொடங்கும் என்பது நான் பட்டறிந்தது.

குடிவந்த பிறகு

வீடு முடிவாகிக் குடிவந்த பின்னும் வழியைச் சீர்செய்ய ஓரளவு முடியும். யாரிடம் கேட்பது என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். நிலையத்தின் படி, லிஃப்ட், நுழைவாயில் விளக்கு ஆகியவை மெட்ரோ நிறுவனத்தைச் சேர்ந்தவை. நடைபாதையும் தெருவிளக்கும் மாநகராட்சியைச் சேர்ந்தவை. சிக்னல் நேரம் போக்குவரத்துக் காவல் துறையைச் சேர்ந்தது. 2025 செப்டம்பரில் பி.பி.எம்.பி. என்ற ஒரே மாநகராட்சி போய், கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின்கீழ் ஐந்து மாநகராட்சிகள் வந்துவிட்டபடியால் உங்கள் தெரு எந்த மாநகராட்சியில் வருகிறது என்பதைப் பார்த்துக்கொண்டு எழுதுங்கள். மனுவைக் கன்னடத்தில் எழுதுவது நல்லது; எழுதத் தெரியாவிட்டால் பக்கத்து வீட்டுக் கன்னடக்காரரையும் சேர்த்துக்கொண்டால் கையெழுத்தும் ஒன்று கூடும். தெருவே மோசம் என்று பொதுவாக எழுதும் மனு அலமாரியில் தூங்கும். இன்ன கிராஸில், இன்ன எண்ணுள்ள விளக்குக் கம்பத்துக்கு அருகில், இரண்டு கற்பலகை உடைந்திருக்கிறது என்று புகைப்படத்தோடு எழுதியபோது எங்கள் தெருவில் பதினொரு நாளில் பலகை மாற்றினார்கள்.

சுவர்கள் விஷயத்தில் அரசாங்கத்தால் ஆவது குறைவு, அக்கம்பக்கத்தாரிடம் பேசுவதே வழி. இப்போது நாங்கள் இருக்கும் பகுதியிலும் ஒரு வளாகத்தின் பின்கேட் பூட்டியே கிடந்தது. அதன் நலச் சங்கத்தாரிடம் மூன்று முறை போய்ப் பேசினோம். உள்ளே வருபவர்களைவிட, குறுக்குவழி கிடைத்துவிட்டதென்று இருசக்கர வண்டிகள் புகுந்துவிடும் என்பதுதான் அவர்களுடைய அச்சமாக இருந்தது. ஆகவே கேட்டைத் திறந்து, அதன் நடுவே ஆள் மட்டும் பக்கவாட்டில் நுழையும்படி இரண்டு இரும்புக் குழாய்களை நட்டுவிடலாம் என்றோம். செலவை இரு தரப்பும் பகிர்ந்துகொண்டோம். அந்த வளாகத்தில் வீட்டு வேலைக்கும் சமையலுக்கும் வரும் பெண்களும் அதே வழியில் வரலாம் என்று ஆனதும் அவர்கள் தரப்பிலேயே எங்களுக்கு ஆதரவு கூடியது. இப்போது காலை ஏழிலிருந்து இரவு ஒன்பது மணி வரை கேட் திறந்திருக்கிறது, நிலையம் 1.2 கிலோமீட்டரிலிருந்து 700 மீட்டருக்கு வந்துவிட்டது. ஒன்பதே காலுக்கு இறங்கும் ரயிலில் வருகிறவர்கள் மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டுதான் வருகிறோம். பத்து மணி வரை நீட்டச் சொல்லி அடுத்த கூட்டத்தில் கேட்கவிருக்கிறோம்.